சிவில் படிக்கிறேன், டேட்டா சயின்ஸ் மைனர் எடுக்கலாமா?

கல்விப் பக்கம்: வாசகர் கேள்வி பதில்
பதிலளிப்பவர்: ஓய்வுபெற்ற நீர்வளப் பொறியியல் பேராசிரியை, கோவை

கேள்வி: வணக்கம் மேடம். அரியலூர் பக்கம் ஒரு கிராமம் எங்களுடையது. அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரி ஒன்றில் பி.இ. சிவில் படிக்கிறேன். 2021 ரெகுலேஷன், அதாவது அந்த ஆண்டு வந்த பாடத்திட்ட விதிகள். நாலாம் செமஸ்டர் எழுதிவிட்டு லீவுக்கு வீட்டுக்கு வந்திருக்கிறேன். சிஜிபிஏ 8.1, இதுவரை அரியர் இல்லை. ஐந்தாம் செமஸ்டரிலிருந்து மைனர் டிகிரி (சொந்தப் பட்டத்தோடு வேறொரு துறைப் பாடங்களையும் கூடுதலாகப் படிப்பது) எடுக்கலாம் என்று கல்லூரியில் சுற்றறிக்கை வந்தது. சிஎஸ்இ (கம்ப்யூட்டர் சயின்ஸ்) துறையின் டேட்டா சயின்ஸ் வெர்டிகலுக்கு (பாடத் தொகுப்புக்கு) விருப்பப் படிவம் கொடுத்திருக்கிறார்கள். என் ரூம்மேட்ஸ் எல்லாரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். எங்கப்பா கட்டட மேஸ்திரி. "சிவிலை மட்டும் படிச்சா நீயும் என்னை மாதிரி வெயில்லதான் நிக்கணும். கம்ப்யூட்டரையும் சேத்துப் படிச்சுக்க, ஐடில ஏறிக்கலாம்" என்கிறார். கிளாஸ் அட்வைசர் சாரோ, "கோர் சப்ஜெக்ட் படிக்கவே நேரம் பத்தாது, இது வேற எதுக்கு?" என்கிறார். எனக்கு சர்வேயிங் ரொம்பப் பிடிக்கும். அப்ளைடு ஹைட்ராலிக்ஸும் பிடித்திருந்தது. முதல் வருஷம் பைதான் லேபில் நன்றாகச் செய்தேன். மைனர் எடுத்தால் ஐடி வேலை நிச்சயமாகக் கிடைக்குமா? எடுக்காமல் விட்டால் பின்னாடி வருத்தப்படுவேனா? கல்லூரி திறந்ததும் படிவத்தைக் கொடுக்க வேண்டும்.

பதில்: உன்னை நீ என்றே எழுதுகிறேன் அம்மா, வகுப்பில் அப்படித்தான் பேசிப் பழக்கம்.

ஐடி வேலைக்காக மட்டும் என்றால் இந்த மைனர் வேண்டாம். கேம்பஸுக்கு வரும் பெரிய ஐடி சேவை நிறுவனங்கள் பெரும்பாலும் எல்லா பிராஞ்சையும்தான் எடுக்கின்றன. பத்தாவது, பன்னிரண்டாவது, டிகிரி மூன்றிலும் அறுபது சதவீதத்தை ஒட்டி ஒரு கோடு போடுவார்கள். ஸ்டாண்டிங் அரியர் இருக்கக்கூடாது என்பார்கள். அதைத் தாண்டினால் ஆப்டிடியூட், கோடிங், இன்டர்வியூ. மைனர் இல்லை என்பதற்காக ஒரு பிள்ளை வாசலில் நின்றதை நான் பார்த்ததில்லை. ஒரே ஒரு அரியருக்காக நல்ல பிள்ளைகள் வெளியே நின்றதை வருஷா வருஷம் பார்த்திருக்கிறேன். கூடுதலாகச் சுமக்கப்போகும் பாடங்களால் ஐந்தாம் செமஸ்டரில் ஸ்ட்ரக்சுரல் அனாலிசிஸில் சறுக்கினால், எந்த வேலைக்காக மைனர் எடுத்தாயோ அந்த வேலைக்கே அது தடையாக நிற்கும். அப்பாவிடம் இதை நிதானமாகச் சொல்லு. அவருடைய கவலை நியாயமானது. அதற்கு மருந்து இதுவல்ல, அவ்வளவுதான்.

அடுத்து, படிவத்தில் கையெழுத்துப் போட்டால் உண்மையில் என்ன வரும் என்று பார்ப்போம். 2021 ரெகுலேஷன்படி மைனருக்கு உன் பட்டத்துக்குரிய கிரெடிட் போகக் கூடுதலாக 18 கிரெடிட் வேண்டும். ஒரு பாடத்துக்கு மூன்று கிரெடிட், ஆக ஆறு பாடம். ஐந்து, ஆறு, ஏழு என்று மூன்று செமஸ்டர், ஒவ்வொன்றிலும் இரண்டு பாடம் என்று கணக்கு. ஆறும் உன் துறைக்கு வெளியே உள்ள ஒரே வெர்டிகலில் இருந்து வர வேண்டும். அங்கொன்று இங்கொன்றாகப் பொறுக்க முடியாது. 7.50 சிஜிபிஏ, எல்லாப் பாடத்திலும் முதல் முயற்சியிலேயே தேர்ச்சி என்ற இரண்டு நிபந்தனையும் உனக்குப் பொருந்துகின்றன. தகுதி இருக்கிறது. ஆனால் தகுதி இருக்கிறது என்பதாலேயே கையெழுத்துப் போட்டவர்கள்தான் உன் அறையில் பாதிப் பேர் என்று நினைக்கிறேன்.

இப்போது சிஎஸ்இ சிலபஸ் பிடிஎஃபைத் திற. டேட்டா சயின்ஸ் வெர்டிகலில் எக்ஸ்ப்ளோரேட்டரி டேட்டா அனாலிசிஸ், ரெக்கமெண்டர் சிஸ்டம்ஸ், நியூரல் நெட்வொர்க்ஸ் அண்ட் டீப் லேர்னிங், டெக்ஸ்ட் அண்ட் ஸ்பீச் அனாலிசிஸ், பிசினஸ் அனலிட்டிக்ஸ், இமேஜ் அண்ட் வீடியோ அனலிட்டிக்ஸ், கம்ப்யூட்டர் விஷன், பிக் டேட்டா அனலிட்டிக்ஸ் என்று எட்டுப் பாடம் இருக்கும். முதல் பாடத்தின் தலைப்புக்கு நேரே எல், டி, பி, சி என்ற நான்கு எழுத்துக்குக் கீழே 2, 0, 2, 3 என்று போட்டிருக்கும். வாரம் இரண்டு பீரியட் வகுப்பு, இரண்டு பீரியட் லேப் என்று அர்த்தம். மூன்று கிரெடிட் என்று சொல்கிறார்களே, உட்காரவேண்டியது நான்கு பீரியட். இரண்டு பாடம் என்றால் வாரம் எட்டு. அவை உன் டைம்டேபிளில் எங்கே விழும்? சாயங்காலம் நாலரை மணிக்கு மேலேயா, சனிக்கிழமையா? ஹாஸ்டல் பிள்ளை என்பதால் உனக்குப் பேருந்துப் பிரச்சினை இல்லை. ஆனால் அதே வாரத்தில்தான் ஆர்சி டிசைன், ஸ்ட்ரக்சுரல் அனாலிசிஸ், ஃபவுண்டேஷன் இன்ஜினியரிங் மூன்றும் வருகின்றன. நான் முதல்வன் பாடமும் வரும். ஆறாம் செமஸ்டரில் பிளேஸ்மென்ட் பயிற்சி தொடங்கிவிடும். ஏழாம் செமஸ்டர் பாதி நாள் கம்பெனிகளுக்குப் போய்விடும். உங்கள் அட்வைசர் சார் நேரத்தைப் பற்றிச் சொன்னது வெறும் சலிப்பில்லை.

இன்னொன்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அந்த எட்டுப் பாடமும் சிஎஸ்இ பிள்ளைகளை மனதில் வைத்து எழுதியவை. அவர்கள் மூன்றாம் செமஸ்டரிலேயே டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் படித்திருப்பார்கள், ஃபவுண்டேஷன்ஸ் ஆஃப் டேட்டா சயின்ஸும் படித்திருப்பார்கள். உன் கையில் இருப்பது முதல் செமஸ்டர் பைதானும் இரண்டாம் செமஸ்டர் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் அண்ட் நியூமெரிக்கல் மெதட்ஸும். எக்ஸ்ப்ளோரேட்டரி டேட்டா அனாலிசிஸுக்கு அது போதும், தாராளமாகச் சமாளிக்கலாம். டீப் லேர்னிங் வரும்போது நடுவில் விட்டுப்போன படிகளை நீயே ராத்திரி உட்கார்ந்து கட்டிக்கொள்ள வேண்டியிருக்கும். முடியாதது இல்லை. அதற்கும் ஒரு நேரம் ஒதுக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு இறங்க வேண்டும்.

சரி, மைனரே வீணா? அப்படி நான் நினைக்கவில்லை. ஒரு பாடத்தை அதன் சொந்தத் துறையில் இல்லாத கேள்வியோடு போய்ப் படிக்கிறவருக்கு மைனர் பெரிய வரம். அந்தக் கேள்வி உன் சிவிலிலிருந்து வர வேண்டும். டேட்டா சயின்ஸ் மைனர் எடுத்த ஒரு சிவில் பையனின் பிராஜெக்ட் வைவாவில் உட்கார்ந்திருந்தேன். சினிமா பார்ப்பவர்களுக்கு அடுத்த படத்தைப் பரிந்துரைக்கும் ஒரு மாடல் செய்திருந்தான். வேலை சுத்தமாக இருந்தது, குறை சொல்ல முடியாது. "எம்25 கான்கிரீட்டுக்கு அந்த 25 எப்படி வருகிறது?" என்று கேட்டேன். "28 நாள் கியூப் ஸ்ட்ரெங்த் மேடம்" என்றான். கான்கிரீட்டைக் கனசதுரக் கட்டியாக வார்த்து, 28 நாள் கழித்து நசுக்கிப் பார்க்கும் வலிமை அது. "எல்லா கியூபும் 25 தாண்டணுமா?" கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஐந்து சதவீதத்துக்கு மேல் அதற்குக் கீழே போகக்கூடாது" என்றான். கான்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதி ஐஎஸ் 456 சொல்வது அதைத்தான். ஒரு பெரிய சைட்டிலிருந்து வரும் கியூப் டெஸ்ட் ரிசல்ட்டை எல்லாம் வரிசையாக வைத்து, எந்த வாரத்துக் கலவையில் சிதறல் கூடியது, சிமென்ட் மாறியதா, மணலில் ஈரம் கூடியதா என்று தேடலாமே என்றேன். அவன் முகம் மாறியதைப் பார்க்க வேண்டும். மூன்று செமஸ்டராக அவன் படித்த டிஸ்ட்ரிபியூஷனும் (எண்கள் பரவும் விதம்) அவுட்லையரும் (கூட்டத்தோடு சேராத எண்) அவனுடைய சொந்த கான்கிரீட் லேபிலேயே கிடந்திருக்கின்றன. யாரும் இரண்டையும் சேர்த்து வைத்துக் காட்டவில்லை. அவனைச் சொல்லி என்ன, மைனர் பாடத்தைச் சிஎஸ்இ ஆசிரியர் நடத்துகிறார், மேஜரைச் சிவில் ஆசிரியர் நடத்துகிறார், நடுவே இருக்கும் இடத்தில் மாணவன் மட்டும்தான் நிற்கிறான். அங்கே நிற்கத் தெரிந்தவருக்கே மைனர் பலன் தருகிறது.

உன் கடிதத்தில் எனக்குப் பிடித்த வரி, சர்வேயிங் பிடிக்கும் என்பது. அதைப் படித்ததும் தோன்றியது, இந்தப் பெண் தன் துறையின் சிலபஸை முழுக்கப் புரட்டிப் பார்த்தாளா என்று. சிவில் புரொஃபஷனல் எலக்டிவ்களில், அதாவது சொந்தத் துறை விருப்பப் பாடங்களில், ஜியோ-இன்ஃபர்மேட்டிக்ஸ் என்று ஒரு வெர்டிகல் இருக்கிறது. ஜிஐஎஸ் (கணினி வரைபடத் தகவல் முறை), டோட்டல் ஸ்டேஷன் அண்ட் ஜிபிஎஸ் சர்வேயிங், ரிமோட் சென்சிங், சேட்டிலைட் இமேஜ் பிராசசிங், ஃபோட்டோகிராமெட்ரி எல்லாம் அதில் வருகின்றன. சேட்டிலைட் படம் என்பது என்ன? கட்டம் கட்டமாக அடுக்கிய எண்கள். அதில் தண்ணீர் எது, நெல் எது, வீட்டுக் கூரை எது என்று பிரித்துச் சொல்வது முழுக்க டேட்டா வேலை. பைதானில்தான் செய்வார்கள். எலக்டிவ் எப்படியும் நீ படித்தாக வேண்டியது, அதற்காகக் கூடுதல் கிரெடிட் சுமக்க வேண்டியதில்லை. உன் கல்லூரியில் எந்த எலக்டிவை நடத்துகிறார்கள் என்பது உங்கள் ஹெச்ஓடி (துறைத் தலைவர்) கையில் இருக்கிறது. "நடத்த ஆள் இல்லை, எல்லாரும் ஸ்ட்ரக்சர்ஸ் பக்கம்தான்" என்று சொல்லக்கூடும். உன்னோடு சேர்ந்து கேட்க இன்னும் பத்துப் பேரைத் திரட்டு. தனியாகப் போய்க் கேட்டால் வராத பாடம், பெயர்ப் பட்டியலோடு போனால் வரும்.

அந்த வெர்டிகல் உன்னைப் பிடித்துக்கொண்டால் அதிலேயே கூடுதல் 18 கிரெடிட் எடுத்து ஆனர்ஸ் வாங்கவும் வழி இருக்கிறது. சுமை மைனர் அளவுதான். ஆனால் பழகிய நிலத்தில் நடக்கிறாய்.

முடிவெடுப்பதற்கு முன்னால் இந்த லீவில் ஒரு வேலை செய்து பார். இந்திய வானிலை ஆய்வுத் துறை நாடு முழுவதற்குமான தினசரி மழையளவை அட்சரேகை, தீர்க்கரேகையில் கால் டிகிரிக் கட்டங்களாகப் பிரித்து, 1901 முதல் இலவசமாகத் தருகிறது. அதில் அரியலூர் விழும் கட்டத்தை மட்டும் எடு. கடைசி முப்பது வருஷத்து அக்டோபர், நவம்பர், டிசம்பர் மழையைப் பைதானில் கூட்டிப் படமாகப் போடு. எந்த வருஷம் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது, எந்த வருஷம் கொட்டித் தீர்த்தது, மழை நாட்கள் குறைந்து ஒரே நாளில் கொட்டுவது கூடியிருக்கிறதா என்று பார். உன் பாட்டியிடம் அந்த வருஷங்களைச் சொல்லிக் கேள்; எந்த வருஷம் ஏரி நிரம்பியது என்று அவர் சொல்வதும் உன் கிராஃபும் ஒத்துப்போகிறதா என்று சரிபார். அப்படியே உங்கள் மாவட்டத்திலேயே கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் பக்கத்தில் ராஜேந்திர சோழன் வெட்டிய பொன்னேரி, அந்தக் காலத்துச் சோழகங்கம், இருக்கிறது. இஸ்ரோவின் புவன் தளத்தில் அதன் கரையைத் தேடிப் பிடி. கியூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருளில் கரையை வரைந்து நீளம் எவ்வளவு, இன்று எவ்வளவு பரப்பில் தண்ணீர் நிற்கிறது என்று அளந்து பார். ஃபைல் திறக்காது, லைப்ரரி இன்ஸ்டால் ஆகாது, கட்டம் தவறாக விழும். எரிச்சல் வரும். அந்த எரிச்சலுக்கு நடுவிலும் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டது காதில் விழாமல் உட்கார்ந்திருந்தாயானால், உனக்குள் இருப்பது டேட்டா ஆசையேதான், கூட்டத்தோடு போகும் ஆசை இல்லை. இரண்டாம் நாளே லேப்டாப்பை மூடிவைத்துவிட்டால் அதுவும் நல்ல பதில்தான். ஆறு பாடம் எழுதித் தெரிந்துகொள்வதை ஒரு லீவிலேயே தெரிந்துகொண்டாய்.

லேப்டாப் இல்லையென்றால் கல்லூரி திறந்ததும் லேபில் செய். சிவிலுக்கு என்று ஒரு கம்ப்யூட்டர் லேப் எப்படியும் இருக்கும்.

பரீட்சை எழுதிப் பார்க்க ஆசையானால் அரசின் ஸ்வயம் இணையத் தளத்தில் என்பிடெல் என்ற ஆன்லைன் பாடம் ஒன்றை எடு. பன்னிரண்டு வாரப் பாடம் மூன்று கிரெடிட்டுக்குச் சமம். சேர்ந்து படிப்பது இலவசம், தேர்வு எழுதத்தான் கட்டணம். அசைன்மென்ட்டுக்கு 25, நேரில் போய் எழுதும் தேர்வுக்கு 75. ஜூலையில் ஒரு சுற்று தொடங்கும். வாரா வாரம் அசைன்மென்ட் தேதி வரும். கூடுதல் பாடம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஐந்தாம் செமஸ்டரை ஓட்ட முடிகிறதா என்பது அக்டோபரில் உனக்கே தெரிந்துவிடும்.

கல்லூரி திறந்ததும் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு சிஎஸ்இ துறைக்கு நேராகப் போ. எட்டில் எந்த ஆறு பாடத்தை நடத்தப்போகிறீர்கள், எந்த நேரத்தில், யார் நடத்துவார், போன பேட்சில் எத்தனை பேர் சேர்ந்து எத்தனை பேர் முடித்தார்கள் என்று கேள். கடைசிக் கேள்விக்கு மழுப்பினால் அங்கேயே உனக்குப் பாதிப் பதில் கிடைத்துவிட்டது. போன பேட்ச் அக்கா ஒருவரைத் தேடிப் பிடித்துத் தனியாகவும் கேள்.

எம்.டெக். ஆசை இருந்தால் இதையும் தெரிந்துகொள். 2024 முதல் கேட் தேர்வில் டேட்டா சயின்ஸ் அண்ட் ஆர்டிஃபீஷியல் இன்டெலிஜென்ஸ் என்று தனித் தாள் வந்துவிட்டது. எந்த பிராஞ்சில் படித்தவரும் அதை எழுதலாம், மைனர் இருந்தால்தான் எழுத முடியும் என்றில்லை. அந்தக் கதவு பி.இ. முடித்த பிறகும் உனக்குத் திறந்தே இருக்கும். அரசு வேலைக்கு உதவிப் பொறியாளராகப் போக நினைத்தால், அங்கே கேட்பது சிவில் பட்டம். அந்தத் தேர்வில் உன்னைத் தூக்கிவிடுவது சிவில் பாடங்களில் உனக்கு இருக்கும் பிடிதான்.

என் யோசனையைக் கேட்டால்: டேட்டா சயின்ஸ் படிவத்தை இப்போது கொடுக்காதே. எலக்டிவ்களை ஜியோ-இன்ஃபர்மேட்டிக்ஸில் எடு. ஒரு என்பிடெல் பாடத்தை டேட்டா பக்கம் எடு. உனக்கு ஹைட்ராலஜி ஏழாம் செமஸ்டரில்தான் வருகிறது. அதற்கு முன்னாலேயே மழைக் கணக்கு உன் கைக்குப் பழகியிருக்கும், இறுதியாண்டு பிராஜெக்ட்டுக்கு வெளியே தேட வேண்டியிருக்காது. லீவு வேலை உன்னை உண்மையாகவே ஆட்டிப் படைத்தால் மட்டும் என் பேச்சை மீறிக் கையெழுத்துப் போடு, நான் சந்தோஷப்படுவேன்.

வருத்தப்படுவேனா என்று கேட்டாய். உன் ரூம்மேட்ஸின் மார்க் ஷீட்டில் ஒரு வரி கூடுதலாக இருக்கும். நாலாம் வருஷம் அதைப் பார்க்கும்போது சுருக்கென்று இருக்கலாம். இன்டர்வியூவில், "எங்கள் ஊர் மழையைப் பற்றி நான் ஒன்று கண்டுபிடித்தேன்" என்று நீ ஆரம்பித்தால், எதிரே இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார். அந்த நாற்காலியில் நானும் நிறைய உட்கார்ந்திருக்கிறேன்.

அப்பாவுக்கு ஒரு வார்த்தை: ஐயா, உங்கள் மகள் வெயிலில் நிற்கக்கூடாது என்று நீங்கள் நினைப்பது எனக்குப் புரிகிறது. நீங்கள் நின்ற வெயிலில்தான் அவள் இவ்வளவு தூரம் வந்திருக்கிறாள். ஆனால் சிவில் வேலை எல்லாமே சைட்டில் நிற்கும் வேலை இல்லை. ஆற்றில் எவ்வளவு தண்ணீர் வரும், எந்தத் தெரு மூழ்கும் என்று மேப் போடுகிறவர்களும் சிவில்காரர்களே. உங்கள் மகளுக்கு அந்தப் பக்கம் கண் போகிறது. இரண்டு வருஷம் அவள் போக்கில் விடுங்கள்.

கேள்வி: என் மகன் ஈசிஇ இரண்டாம் ஆண்டு. அவன் கல்லூரியில் எல்லா மாணவர்களும் மைனர் எடுத்தே ஆக வேண்டும், அதற்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும் என்கிறார்களாம். இது கட்டாயமா? (திருப்பூர் வாசகர்)

பதில்: கட்டாயம் இல்லை ஐயா. 2021 ரெகுலேஷனில் ஆனர்ஸ், மைனர் இரண்டுமே மாணவர் விருப்பம். எடுக்காதவருக்கும் அதே பி.இ. பட்டம்தான், அதில் ஒரு குறையும் வராது. தன்னாட்சிக் கல்லூரி என்றால் அதற்குத் தனி ரெகுலேஷன் இருக்கும். அதன் பிரதியைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். கூடுதல் பாடத்துக்குத் தேர்வுக் கட்டணம் வருவது சரி. அதைத் தாண்டிக் கேட்கும் பணம் எந்தத் தலைப்பில் என்று ரசீதோடு எழுத்தில் கேளுங்கள். பெற்றோர் நாலைந்து பேர் சேர்ந்து முதல்வரைப் பார்த்தால் பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

பையனிடமும் ஒன்று கேளுங்கள். எந்த வெர்டிகல், அதில் என்னென்ன பாடம் என்று அவனுக்குத் தெரிகிறதா? தெரியவில்லையென்றால் பணம் பிறகு, முதலில் சிலபஸ்.

கேள்வி: மெக்கானிக்கல் படிக்கிறேன். மைனருக்காக ஃபின்டெக் அண்ட் பிளாக்செயின் வெர்டிகலில் சேர்ந்து இரண்டு பாடம் முடித்துவிட்டேன். கொஞ்சமும் ஒட்டவில்லை. ஆறாம் செமஸ்டரில் என் சொந்தப் பாடங்களே இழுக்கின்றன. விட்டுவிட்டால் இவ்வளவு உழைத்தது வீணா? வீட்டில் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. (மாணவர், விருதுநகர்)

பதில்: வீணாகாது தம்பி. இதற்கு ரெகுலேஷனிலேயே வழி வைத்திருக்கிறார்கள். மைனரைப் பாதியில் விட்டால், நீ படித்து முடித்த பாடங்களை உன் பட்டத்துக்குரிய ஓப்பன் எலக்டிவுக்கு (பிற துறையிலிருந்து எடுக்கும் விருப்பப் பாடத்துக்கு) பதிலாக எடுத்துக்கொள்வார்கள். ஆக இரண்டு ஓப்பன் எலக்டிவின் பளு இப்போதே உன் தோளிலிருந்து இறங்குகிறது. தேவைக்கு மேல் படித்திருந்தால் அவை மார்க் ஷீட்டில் அச்சாகும், சிஜிபிஏ கணக்கில் சேராது. அடுத்த செமஸ்டர் ரெஜிஸ்ட்ரேஷனுக்கு முன்னால் ஹெச்ஓடிக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டு, தேர்வுப் பிரிவில் போய் அது பதிவாகிவிட்டதா என்று கண்ணால் பார்த்துவிட்டு வா. பலரும் வாய்வார்த்தையோடு விட்டுவிட்டு எட்டாம் செமஸ்டரில் அலைகிறார்கள்.

வீட்டில் கூச்சமில்லாமல் சொல்லு. ஒட்டாத பாடத்தை விட்டுவிட்டுத் தன் மெக்கானிக்கல் பாடங்களைப் பிடித்துக்கொள்கிற பிள்ளையை எந்த அப்பாவும் திட்ட மாட்டார்.

கேள்வி: நான் திருநெல்வேலிப் பெண். டெல்லிப் பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் ஆனர்ஸ் நான்கு ஆண்டுப் படிப்பில் மூன்றாம் ஆண்டு. இதுவரை நான்கு ஜிஇ பாடம் (பிற துறை விருப்பப் பாடம்) பொருளாதாரத்தில் எடுத்திருக்கிறேன். மைனருக்காக மீதியையும் அதிலேயே எடுக்கலாமா, டிஎஸ்இ எனப்படும் என் துறையின் விருப்பப் பாடங்களை எடுக்கலாமா?

பதில்: உங்கள் பல்கலைக்கழகத்தில் சுமைக் கணக்கே வேறு. 2022 முதல் நடக்கும் பாடத்திட்டத்தில் ஒரு துறையில் மைனர் வேண்டுமென்றால் அந்தத் துறையின் ஜிஇ பாடங்களில் 28 கிரெடிட், அதாவது நான்கு கிரெடிட் பாடம் ஏழு. மேலே கேட்ட அரியலூர்ப் பெண்ணுக்கு மாதிரி உனக்கு மொத்தக் கிரெடிட் கூடாது. எப்படியும் படிக்க வேண்டிய இடங்களை எதால் நிரப்புகிறாய் என்பதுதான் கேள்வி. ஆனால் ஜிஇ, டிஎஸ்இ இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் இடங்களில் ஜிஇ எடுத்தால் ஒரு டிஎஸ்இ போகிறது. இங்கே விலை அதுதான்.

அடுத்து என்ன செய்யப்போகிறாய் என்று நீ எழுதவில்லை. புள்ளியியலில் முதுகலையோ யுபிஎஸ்சி நடத்தும் இந்தியப் புள்ளியியல் பணித் தேர்வோ மனதில் இருந்தால் அப்படித் தேர்ந்தெடுக்கும் இடங்களை டிஎஸ்இக்குக் கொடு. அங்கே கேட்பது புள்ளியியலின் ஆழம். பொருளாதாரத்தில் முதுகலை என்றால் மீதி மூன்றையும் பொருளாதாரத்துக்கே கொடுத்து மைனரை முடித்துவிடு. புள்ளியியல் படித்துவிட்டு அந்தப் பக்கம் வருகிறவர்களுக்குக் கணக்கில் பயமிருக்காது, எக்கனாமெட்ரிக்ஸ் (பொருளாதாரத்துக்கான புள்ளியியல்) சுலபமாக வரும், ஆனால் மேக்ரோவில் (நாட்டளவுப் பொருளாதாரத்தில்) அடிப்படை விட்டுப்போயிருக்கும். மூன்றில் ஒன்றாவது மேக்ரோவாக இருக்கும்படி பார்த்துக்கொள். எந்தப் பக்கம் என்று இன்னும் தெரியவில்லையென்றால் அடுத்த செமஸ்டருக்கு மட்டும் ஒரு டிஎஸ்இ எடு. ஏழாவது, எட்டாவது செமஸ்டர்களில் தேர்ந்தெடுக்கும் இடங்கள் கூடுதலாக வருகின்றன, மூன்று ஜிஇயையும் அங்கே பொருத்த முடிகிறதா என்று துறை அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு பிறகு முடிவு செய்.